யாருடைய போனிலிருந்து?

சென்னையை ஒட்டிய ஒரு மேல்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பு அறைக்கு வெளியே சுவரில் இரண்டு அறிவிப்புகள். மேலே இருப்பது பழையது: "பள்ளி வளாகத்துக்குள் செல்போன் கொண்டுவரக் கூடாது. மீறினால் பறிமுதல் செய்யப்படும்." கீழே இருப்பது புதியது, பெயின்ட் இன்னும் மங்கவில்லை: "மனம்விட்டுப் பேச 14416. 24 மணி நேரமும். கட்டணம் இல்லை." இரண்டும் மாணவர்களின் நன்மைக்காகவே எழுதப்பட்டவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிக்க நினைக்கும் மாணவன் என்ன செய்வான் என்பதுதான் புரியவில்லை.

புதிய அறிவிப்புக்குப் பின்னால் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பாக அவளுடைய தந்தை தொடுத்த வழக்கில், 2025 ஜூலை 25 அன்று தீர்ப்பளித்த நீதிமன்றம், நாடு முழுவதுமுள்ள கல்வி நிறுவனங்களுக்கு 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு மாணவர்களுக்குக் குறையாத எந்த நிறுவனத்திலும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது ஒன்று. உதவி எண்களை வகுப்பறைகளிலும் விடுதிகளிலும் பெரிய, தெளிவான எழுத்தில் வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. எழுத்து விஷயத்தில் இந்தப் பள்ளி குறை வைக்கவில்லை. ஆலோசகர்? "போடுவாங்கன்னு சொல்றாங்க" என்றார் ஆசிரியர் ஒருவர், மழை வரும் என்று சொல்லும் தொனியில். ஒரு பெயின்டருக்கு ஆகும் செலவும் ஒரு ஆலோசகருக்கு ஆகும் செலவும் ஒன்றல்லவே.

நான் அங்கே போனது வேறு வேலையாக. தன்னார்வத் தொண்டர்கள் சிலர் மாணவர்களுக்கான துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழில் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். ஆங்கில மூலத்தில் முதல் வரியிலேயே 'கவுன்சலிங்' என்ற சொல். அதை அப்படியே தமிழ் எழுத்தில் போடலாம், எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே என்றார்கள். எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில் கவுன்சலிங் என்றால் என்ஜினீயரிங் கல்லூரியில் இடம் ஒதுக்குவது. ஆசிரியர்களைக் கேட்டால் இடமாறுதல். "சனிக்கிழமை உங்கள் பிள்ளைக்குக் கவுன்சலிங், பெற்றோரும் வரவும்" என்று சொல்லியனுப்பினால் மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸ் இரண்டு பிரதிகளோடு வந்து நிற்பார்கள்.

சரி, 'மனநல ஆலோசனை' என்று போடலாமா? நம் பத்திரிகைகள் (இந்தத் தொழிலில் இருக்கும் நானும் உடந்தை) 'மனநலம் பாதிக்கப்பட்டவர்' என்ற தொடரைப் பல ஆண்டுகளாக ஒரே ஒரு பொருளில்தான் எழுதி வந்திருக்கின்றன. நாகரிகம் கருதிச் சூட்டிய பெயர் அது. பழைய சொல்லின் அழுக்கெல்லாம் புதிய சொல்லிலும் ஏறிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் 'உனக்கு மனநல ஆலோசனை தேவை' என்று சொன்னால், வகுப்பு முழுவதும் அவனுக்கு என்ன பட்டப்பெயர் வைக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். 'மன அழுத்தம்' என்பதோ இரண்டு வேலை பார்க்கிறது: நாளைக்குப் பரீட்சை என்ற படபடப்புக்கும் அதுதான், மாதக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் கிடக்கும் நோய்க்கும் அதுதான். டெல்லி அரசுப் பள்ளிகளில் மனநலத் திட்டம் ஒன்றை வடிவமைத்த ஆய்வாளர்கள், பிள்ளைகள் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல 'டென்ஷன்' என்ற சொல்லைத்தான் பயன்படுத்துவதைக் கண்டார்கள். இந்தியிலும் டென்ஷன், தமிழிலும் டென்ஷன். தேசிய ஒருமைப்பாடு சில இடங்களில் தானாகவே வந்துவிடுகிறது.

14416 என்பது டெலி-மனஸ் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் எண். 2022-23 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் தலைமையில் மாநிலம்தோறும் மையங்கள். 20 மொழிகளில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர்; தேவைப்பட்டால் மனநல மருத்துவர். தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர் வைத்தார்கள். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் சொல்கிறேன், அரசாங்கம் வைத்த பெயர்களில் நான் பொறாமைப்பட்டவை மிகச் சில. இது அவற்றில் ஒன்று. நோய், நலம், பாதிப்பு எதுவும் இல்லை. 2024ஆம் ஆண்டு முடிவதற்குள் நாடு முழுவதும் 10 லட்சம் அழைப்புகளுக்கு மேல் வந்துவிட்டன. எனவே மக்கள் பேசத் தயாராக இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

என் துண்டுப்பிரசுரத்தின் தலைப்பு "மனசு சரியில்லையா? பேசலாம்" என்று இருந்தது. (அச்சாகி வந்தபோது "மன உளைச்சல் மேலாண்மைக்கான வழிமுறைகள்" என்று மாறியிருந்தது. அந்தச் சோகம் இங்கே வேண்டாம்.) அச்சுக்குப் போகும் முன் அதைப் பத்தாம் வகுப்பு மாணவிகள் சிலரிடம் படித்துக்காட்டினேன். சொற்கள் புரிகின்றனவா என்று கேட்டேன். புரிந்தது என்றார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கினாள்.

"சார், இந்த நம்பருக்குப் பண்ணா, அப்பா போன்ல தெரியுமா?"

பேசிய எண் போனில் பதிவாகும், ஆனால் அழித்துவிடலாமே என்றேன், பெரிய யோசனை சொல்லிவிட்டவன்போல.

"அழிக்கத் தெரியும் சார். ஏன் அழிச்சேன்னு கேப்பாங்க."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். சிரித்த விதத்தில், எல்லோர் வீட்டிலும் இது நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

கிராமப்புறக் கல்வி பற்றி ஆண்டுதோறும் வரும் 'அசர்' அறிக்கை, 2023இல் 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்களை எடுத்துக்கொண்டது. பத்தில் ஒன்பது பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அவர்களுக்கு அதைப் பயன்படுத்தவும் தெரிந்திருந்தது. இந்தப் புள்ளிவிவரத்தோடு நிறுத்திக்கொண்டால் டெல்லியில் இருப்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று அதே அறிக்கை கேட்டது. பையன்களில் 43.7 சதவீதம். பெண்களில் 19.8 சதவீதம். ஆக, ஐந்தில் நான்கு பெண்கள் அப்பாவுடைய, அண்ணனுடைய, அம்மாவுடைய போனில்தான் பேச வேண்டும். எல்லோரும் ஒரே அறையில் படுக்கும் வீட்டில், யாருக்கும் கேட்காமல் பேச வேண்டும். அப்பாவைப் பற்றியே பேச வேண்டியிருந்தால்?

ஒரு காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. தெருமுனைக்குத் தெருமுனை எஸ்.டி.டி., பி.சி.ஓ. பூத்துகள். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் வெளியே கேட்காது. 1996இல் பம்பாயில், டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் களப்பணித் திட்டமாக ஜெரூ பில்லிமோரியா சைல்டுலைனைத் தொடங்கியபோது, அதை முதலில் பயன்படுத்தியவர்கள் தெருவில் வாழ்ந்த பிள்ளைகள். 1098 என்ற எண்ணை 'தஸ், நௌ, ஆட்' (பத்து, ஒன்பது, எட்டு) என்று எளிதில் நினைவில் வைத்துக்கொண்டார்கள். போன் சொந்தமாக இல்லாத, விலாசமே இல்லாத பிள்ளைகளுக்காக யோசிக்கப்பட்ட ஏற்பாடு அது. யார் பேசினார்கள் என்று வீட்டில் தெரியாது; வீடே இல்லாதவர்களும் இருந்தார்கள். 1098 இப்போதும் இருக்கிறது. 2023 முதல் அரசே நடத்தி, 112 என்ற அவசர எண்ணோடு இணைத்திருக்கிறது. மறைந்துபோனது பூத்துதான். ஒவ்வொருவர் கையிலும் போன் வந்துவிட்டது என்று சொல்லி அதை மூடினோம். கதவைச் சாத்திக்கொள்ளும் வசதி அதோடு போயிற்று என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

தொலைபேசி உதவி என்ற யோசனையின் வேரிலேயே பள்ளி வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். 1935இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் நடத்திய முதல் இறுதிச் சடங்கு, ஒரு பதின்வயதுச் சிறுமிக்கு. மாதவிலக்கு தொடங்கியதை ஏதோ கெட்ட நோய் என்று நினைத்து, கேட்க ஆளில்லாமல் உயிரை மாய்த்துக்கொண்டவள் அவள். வாரா அதை மறக்கவில்லை. 1953இல் லண்டனில் அவர் ஒரு டெலிபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பின் தொடக்கம். அந்தச் சிறுமிக்குத் தேவைப்பட்டது சிகிச்சை அல்ல. ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவுதான். நம் வகுப்பறைகளில் இன்றும் பாதிப் பிரச்சினை அப்படிப்பட்டதுதான்.

அந்த மரபில் வந்தது சென்னையின் ஸ்நேகா. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கியது. மே மாதம், பரீட்சை முடிவுகள் வரும் நாள், அங்கே போன் ஓயாது. ஸ்நேகாவின் அனுபவத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, அங்கே பேசி ஆறுதலடைந்தவர்களின் எண்ணிக்கையல்ல. கேட்டவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை என்பது. தோற்றவன் ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும் என்ற விதிதான் இத்தனை பேரை விளிம்புக்குத் தள்ளுகிறது என்று லட்சுமி விஜயகுமார் அரசிடம் வாதாடினார். தோற்ற பாடத்தை உடனடியாக மறுபடி எழுதி, அதே ஆண்டில் மேலே படிக்கப் போகலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்தது. இன்று அதை எல்லோரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஆயிரம் பேருக்குப் போனில் தைரியம் சொல்வது ஒன்று; அந்த ஆயிரம் பேர் பயந்த விஷயத்தையே எடுத்துவிடுவது இன்னொன்று. தொலைபேசியின் இந்த முனையில் கேட்டது கோட்டை வரை போய்ச் சேர்ந்தது.

அழைப்புக்காகக் காத்திருக்காமல், நாமே அழைத்தால் என்ன? அதையும் தமிழ்நாடு செய்து பார்த்தது. 2021 செப்டம்பரில் நீட் தேர்வு முடிந்த கையோடு, தேர்வெழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் போனில் கூப்பிட்டுப் பேச 104 சுகாதார உதவி மையத்தின் மூலம் ஏற்பாடு செய்தார்கள். விண்ணப்பத்தில் கொடுத்திருந்த எண்தான் வழி. பல வீடுகளில் அது அப்பாவின் எண். "பையன் நல்லாத்தான் இருக்கான், நீங்க யாரு?" என்று அப்பா சொல்லிவிட்டால் அதற்கு மேல் என்ன பேசுவது? இருந்தாலும் இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கூச்சப்படுகிற பிள்ளைக்கு, தானாகக் கூப்பிடுவது மலையேறுவதுபோல. யுனிசெஃப் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மனக்கஷ்டத்துக்கு உதவி கேட்பது நல்லது என்று சொன்ன இந்திய இளைஞர்கள் 41 சதவீதம்தான். ஆய்வு நடந்த 21 நாடுகளின் சராசரி 83. உதவி கேட்பதையே தோல்வியாக நினைக்கும் பிள்ளைகளிடம், கேட்டால் தருகிறோம் என்று எண்ணை மட்டும் எழுதி வைப்பது பாதி வேலைதான்.

கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது கேரளம் வேறொன்று செய்தது. 2020 மார்ச் 25 முதல் ஜூலை தொடக்கம் வரையிலான காலத்தில் மாநிலத்தில் 66 பிள்ளைகள் தற்கொலை செய்துகொண்டதாக முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். சில நாட்களில் கேரள போலீஸ் 'சிரி' என்ற தொலைபேசித் திட்டத்தைத் தொடங்கியது. சிரி என்றால் மலையாளத்திலும் சிரிப்புதான். இதில் புதுமை என்னவென்றால், மாணவர் காவல் படையிலிருந்து பயிற்சி கொடுத்துத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளும் மறுமுனையில் இருந்தார்கள். சிக்கலான விஷயமென்றால் நிபுணர்களிடம் போகும். போலீஸ் நடத்தும் எண்ணுக்குப் பிள்ளை பேசுமா என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. ஆனால் பேசுவது தன் வயதொத்த ஒருத்தி என்று தெரிந்தால் பயம் பாதியாகக் குறையும். அதே மாதம் 21ஆம் தேதி மத்தியக் கல்வி அமைச்சகமும் 'மனோதர்பண்' என்ற திட்டத்தைத் தொடங்கித் தனி எண்ணை அறிவித்தது. சி.பி.எஸ்.இ. 1998 முதலே பரீட்சைக் காலத்தில் மாணவர்களுக்குப் போனில் ஆலோசனை வழங்கி வருகிறது. இப்போது எண்ணிப் பார்த்தால் 14416, 1098, 104, தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் 14417, மனோதர்பண், சி.பி.எஸ்.இ. என்று ஆறு. ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றனவா என்று கேட்காதீர்கள். 14416க்கும் 14417க்கும் என்ன வித்தியாசம் என்று ஆசிரியர்களிடமே கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சரியாகச் சொன்னார்.

இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்து மிக உறுதியான சான்று வருவது, தொழில்நுட்பத்தோடு யாரும் சேர்த்துப் பார்க்காத இடத்திலிருந்து: பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டம். அங்கே 2015-16 கல்வியாண்டில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 'சேஹர்' என்ற பரிசோதனை நடந்தது. கோவாவில் தொடங்கப்பட்ட சங்கத் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் இதில் இருந்தார்கள். பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில், பள்ளிக்கு ஒருவராக 'சேஹர் மித்ரா' என்ற வெளியாள். அவர் மனநலப் பட்டம் பெற்றவர் அல்ல. பயிற்சி பெற்ற சாதாரண ஆள். இன்னொரு பகுதியில் இதே பயிற்சி, இதே திட்டம், ஆனால் அதே பள்ளி ஆசிரியர் ஒருவர் செய்தார். மூன்றாவதில் வழக்கமான வாழ்க்கைத் திறன் வகுப்பு மட்டும். முடிவுகள் 2018இல் லான்செட் இதழில் வெளிவந்தன. வெளியாள் இருந்த பள்ளிகளில் பள்ளியின் சூழலே மாறியிருந்தது. பிள்ளைகளின் மனச்சோர்வு குறைந்தது. ஒருவரையொருவர் மிரட்டுவதும் அடிப்பதும் குறைந்தன. ஆசிரியர் செய்த பள்ளிகளில்? எதுவும் செய்யாத பள்ளிகளுக்கும் அவற்றுக்கும் வித்தியாசமே இல்லை.

ஆசிரியர்களைக் குறைசொல்ல இதை நான் எழுதவில்லை. தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, இலவசப் பொருள் விநியோகம், பரீட்சை எல்லாவற்றுக்கும் நடுவில் இதையும் பார் என்றால் எந்த மனிதரால் முடியும்? அதோடு, காலையில் பிரம்பைக் காட்டியவரிடம் மாலையில் மனதைத் திறக்கப் பிள்ளைக்கும் தோன்றாது. அகமதிப்பீட்டு மதிப்பெண் போடும் கையும் கண்ணீரைத் துடைக்கும் கையும் ஒன்றாக இருப்பது கஷ்டம்.

நாளந்தாவில் அந்த மித்ரா பயன்படுத்திய 'தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்' என்ன தெரியுமா? ஒரு பெட்டி. பிள்ளைகள் சொல்ல விரும்புவதைப் பெயர் போடாமலும் எழுதிப் போடலாம். அவர் திறந்து படிப்பார். அதில் வந்த புகார்களையும் யோசனைகளையும் எடுத்துக்கொண்டு பள்ளி நிர்வாகத்திடம் போவார். சுவர்ப் பத்திரிகை நடத்துவார். தனியாகப் பேச வருபவர்களோடு பேசுவார். பெட்டி தச்சுக்கூலியோடு முடிந்துபோகும் செலவு. அதைத் திறக்கும் ஆளுக்குத்தான் மாதச் சம்பளம்.

தமிழ்நாட்டிலும் பெட்டி இருக்கிறது. பாலியல் தொல்லைப் புகார்கள் வெடித்த பிறகு பள்ளிகளில் வைக்கப்பட்ட 'மாணவர் மனசு' பெட்டி. நான் போன பள்ளியில் அது தலைமையாசிரியர் அறைக் கதவுக்கு நேர் எதிரே, அட்டெண்டரின் ஸ்டூலுக்கு மேலே தொங்கியது. பூட்டு துருப்பிடித்திருந்தது. யார் என்ன போடுகிறார்கள் என்பதை மூன்று பேராவது பார்க்க முடியும். நாளந்தாவின் பெட்டிக்கும் இதற்கும் பலகையில் வித்தியாசமில்லை.

செயலிகள் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அதே சங்கத் குழு, 'பாட் அட்வெஞ்சர்ஸ்' என்ற ஸ்மார்ட்போன் விளையாட்டை உருவாக்கி டெல்லியிலும் கோவாவிலும் பள்ளிகளில் பயன்படுத்தியது. பிரச்சினையைப் பிரித்துப் பார், வழிகளை யோசி, ஒன்றைச் செய்து பார் என்று கதைபோலச் சொல்லிக்கொடுக்கும் விளையாட்டு. அதில் எனக்குப் பிடித்தது, போன் பிள்ளையுடையதல்ல என்பது. ஆலோசகர் பள்ளிக்கே கொண்டுவருவார். பள்ளி நேரத்தில் பிள்ளைகள் சிறு குழுவாக உட்கார்ந்து விளையாடுவார்கள். சிக்கினால் கேட்க ஆள் பக்கத்தில். வீட்டுக்கு எதுவும் போகாது, யார் போனிலும் எதுவும் பதிவாகாது. அதே நகரத்துப் பள்ளிகளில் ஆலோசகர் ஒருமுறை வகுப்புக்கே வந்து, இந்தக் கஷ்டங்களைப் பற்றி எல்லோர் முன்னிலும் சாதாரணமாகப் பேசிவிட்டுப் போனபோது, உதவி கேட்டு வந்த மாணவர்களின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்போல.

பிள்ளைகள் இப்போது முகமில்லாத ஒன்றோடும் பேசுகிறார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள். இரவு இரண்டு மணிக்கு எழுதினாலும் பதில் வரும், சலித்துக்கொள்ளாது, அப்பாவிடம் சொல்லாது. ஈர்ப்பு புரிகிறது. ஆனால் நிஜமாக ஆபத்து வரும்போது அது எழுந்து வந்து கதவைத் தட்டாது.

சட்டத்தின் கதை இன்னும் சிக்கலானது. கொரோனா ஊரடங்கு தொடங்கிய நாளில், 2020 மார்ச் 25 அன்று, வெளிவந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, 18 வயது நிரம்பாதவரை டாக்டர் போனிலோ வீடியோவிலோ பார்க்க வேண்டுமானால் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். காய்ச்சலுக்கும் சொறிக்கும் இது சரிதான். வீட்டுக்குள்ளேயே பிரச்சினை என்றால் அந்தப் பெரியவர் யார்? ஆலோசகரோடு பேச இந்த விதி குறுக்கே வராது. ஆனால் ஆலோசகர் மருத்துவரிடம் அனுப்பும் கட்டத்தில் வந்து நிற்கும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டோர் விஷயத்தில் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. மருத்துவ சேவைகளுக்கு விதிகளில் விலக்கு உண்டு என்பது ஆறுதல். அதே சட்டம், பிள்ளைகளின் நடத்தையைக் கண்காணிப்பதற்குத் தடை விதிப்பதும் நல்லதே. இன்னொரு பக்கம் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் குற்றம். ஆகவே 'நீ சொல்வது யாருக்கும் தெரியாது' என்று எந்த ஆலோசகரும் முழு மனதோடு வாக்குக் கொடுக்க முடியாது. எதை மறைப்பேன், எதை மறைக்க முடியாது என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே பிள்ளைக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். என் துண்டுப்பிரசுரத்தில் அப்படி நான்கு வரிகள் இருந்தன. இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் குத்துவிளக்குப் படம் ஒன்று வந்திருக்கிறது.

என்.சி.இ.ஆர்.டி. 2022 ஜனவரியிலிருந்து மார்ச் வரை நாடு முழுவதும் 3.79 லட்சம் மாணவர்களிடம் மனநலம் பற்றிக் கருத்துக் கேட்டது. படிப்பு, பரீட்சை, ரிசல்ட் இவைதான் தங்கள் கவலைக்குக் காரணம் என்று 81 சதவீதம் பேர் சொன்னார்கள். வகுப்பில் கேள்வி கேட்கவே தயங்குகிறோம் என்றார்கள் 28 சதவீதம் பேர். இந்த ஆய்வில் பெயர் எழுதுவது கட்டாயமில்லை என்று வைத்திருந்தார்கள். அவ்வளவு பேர் மனதைத் திறந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சுவரில் இரண்டு அறிவிப்புகள் எழுதிய பள்ளிக்கு இரண்டு மாதம் கழித்து மறுபடியும் போனேன், துண்டுப்பிரசுரக் கட்டோடு. ஆலோசகர் இன்னும் வரவில்லை. ஆனால் தலைமையாசிரியை ஒரு காரியம் செய்திருந்தார். ஆபீசில் யாரும் தொடாமல் கிடந்த பழைய லேண்ட்லைன் போனை, நீண்ட ஒயர் இழுத்து, நூலகத்தின் பின்னறைக்கு மாற்றியிருந்தார். ஒரு நாற்காலி. உள்பக்கம் தாழ்ப்பாள். நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எந்தப் பிள்ளையும் வரலாம். எதற்கு என்று கேட்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறார். பின்வரிசைப் பெண்ணின் கேள்வியை அவரிடம் சொல்லிவிட்டு வந்தது நான்தான் என்றாலும், இந்த வழி எனக்குத் தோன்றவில்லை.

இதுவரை எத்தனை பேர் பேசியிருக்கிறார்கள் என்று பத்திரிகைக்காரப் புத்தியில் கேட்டேன்.

"தெரியாது. கணக்கு வைக்கலை" என்றார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு படிவத்தைக் காட்டினார். உதவி எண்ணைப் பயன்படுத்திய மாணவர்களின் விவரத்தை மாதம்தோறும் அனுப்பும்படி மேலிடத்திலிருந்து வந்த படிவம். வரிசை எண், பெயர், வகுப்பு, பிரிவு, பிரச்சினையின் தன்மை என்று கட்டங்கள். முந்தைய மாதம் எல்லாக் கட்டத்திலும் ஒரு கோடு கிழித்து, கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் முத்திரை வைத்து அனுப்பிவிட்டாராம். விளக்கம் கேட்டு நினைவூட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

"இந்த மாசமும் கோடுதான் சார்" என்று படிவத்தை உள்ளே வைத்து டிராயரைச் சாத்தினார்.